மூலைப் பாத்தி

ஆகஸ்ட் 17, திங்கள்

நேற்று யூதர்கள் நடத்தும் பண்ணையில் சும்மா உதவிக்குப் போய் பீன்ஸ் பறித்தேன். ஒரு காய் விடாமல் மூலைப் பாத்திவரை பறித்து முடித்ததில் பெருமை வேறு. மறந்துவைத்த தொப்பியை எடுக்க இன்று போனபோதுதான் பண்ணையைக் கவனிக்கும் மிரியம் சொன்னாள். அவர்கள் வேதம் சொல்கிறபடி அந்த மூலையை இல்லாதப்பட்டவர்களுக்காக விட்டுவைப்பார்களாம். யார் வந்து பறிக்கிறார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்களாம்.

ஈர மண்ணில், குழந்தையை வைத்துத் தள்ளும் ஒரு ஸ்ட்ரோலரின் சக்கரத் தடம் மூலைவரை வந்து, அப்படியே திரும்பியிருந்தது.

அங்கே எனக்குக் கொடுத்த பீன்ஸில்தான் இன்று பொரியல். "தெரியாமத்தானே பண்ணின, விடு. கடையில வாங்கிக் குடுத்துடு," என்றார் கணவர், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே.

யாருக்குக் கொடுப்பது? எங்கள் மில்பிடாஸ் ஊர் முழுக்க ஸ்ட்ரோலர்கள். பண்ணையிலிருந்து திரும்பும் வழியில் பார்த்த ஒவ்வொன்றிலும் காலிப் பை தொங்கியது போலிருந்தது. தள்ளி வந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.