நீங்கள் வாங்கி வைத்த ஆயிலை நான் ஊற்றவில்லை

"ஏனுங்க" என்றே நான் கூப்பிட்டுக் காலம் தள்ளிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரித்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. போன இடத்தில் உங்களுக்கு என்ன குறை? பகலெல்லாம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங், நடுநடுவே வண்டிக்கு வரும் போன், வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லாமல் சமையல். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி எனக்கு. சொல்லி அழ ஆள் வேண்டாமா? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த டர்போ வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பிக்கப்பில் இப்படி ஒன்று ஊரிலேயே நாலைந்து பேரிடம்தான் இருக்கிறது என்று பெருமை பேசினீர்களே, அதே வண்டிதான். போன வாரம் அது ஒரேயடியாக நின்றுபோக இருந்தது. தவணை முடியாத வண்டி நின்றால் பாப்பாவின் படிப்பும் அதோடு நின்றுவிடும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நீங்கள் வேலைக்கு வைத்த தூத்துக்குடி அந்தோணிதான் இன்னும் ஓட்டுகிறான். சாயப்பட்டறையில் துணி ஏற்றிக்கொண்டு வரும்போது போன் செய்தான். நான் டேபிளில் துணியை விரித்து ஓட்டை, கறை பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று எடுத்தேன்.

"அக்கா, ஆயில் லைட்டு செவப்பா எரியுது. டர்போ விசில் வேற ஒரு மாதிரியா கேக்கு."

"அப்படியே நிறுத்து. ஒரு அடி நகத்தாதே" என்று கத்தினேன். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு வேனில் கயிறு கட்டி மங்கலம் ரோட்டில் நம்ம மெக்கானிக் பஷீர் பாய் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். நான் பெர்மிஷன் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

பாய் ஆயில் அளவுக் கம்பியை உருவினார். விரலில் தொட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் அந்தோணியைப் பார்த்தார்.

"என்னத்த தம்பி ஊத்துன?"

"ஆயில் கொறவா கெடந்துச்சு பாய். லோடு எறக்குன நிட்டிங் கம்பெனியில கேட்டு ஊத்துனேன்."

நிட்டிங் ஆயில்! பின்னல் மெஷின் ஊசிக்கு விடுகிற, தண்ணீர் மாதிரி நீர்த்த வெள்ளை எண்ணெய். அதை வண்டி இன்ஜினில் ஊற்றுகிற புத்திசாலி நம் ஊரில்தான் கிடைப்பான். "உனக்கு மூளை கீளை இருக்குதா?" என்று பிடித்துக்கொண்டேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"பழைய வண்டிக்கு அண்ணாச்சியே ஊத்துவாவல்லா, அக்கா? துணியில பட்டாலும் கறை போயிரும்னு சொல்லுவாவ."

உண்மைதானே? அவசரத்துக்கு நீங்கள் ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு முன் நீங்கள் ஓட்டிய அந்தப் பழைய வண்டி எதைப் போட்டாலும் தின்றது, உங்களைப் போலவே. அது தாங்கியது என்பதற்காக எல்லா வண்டியும் தாங்குமா? இவனைத் திட்டுவதா, உங்களைத் திட்டுவதா?

பாய் பொறுமையாகச் சொன்னார். "இது அந்த வண்டி இல்லீங்க அம்மிணி. டர்போவுக்குள்ள சின்னதா ஒரு சக்கரம் சுத்துது. இன்ஜினை விடப் பல மடங்கு வேகம், சூடும் அப்படித்தான். அதைத் தாங்கிப் பிடிக்கறது இந்த ஆயில் ஒண்ணுதாங்க. தண்ணியாட்டம் ஆனாலும் போச்சு. ரொம்பக் கெட்டியா இருந்து, காலையில ஸ்டார்ட் பண்ணதும் மேல ஏற நேரமானாலும் தேயும். சூட்டுல கருகற ஆயிலா இருந்தா, போற வழியே அடைஞ்சுக்கும்."

டர்போவின் குழாயைக் கழற்றி, அந்தச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்லீங்க. தப்பிச்சீங்க" என்றார். பழையதை முழுக்க வடித்து பில்ட்டரும் மாற்ற வேண்டும் என்றார். "எந்த ஆயில் ஊத்தட்டுங்க? நீங்க சொல்றதுதான்."

முதல் சர்வீஸை நீங்கள் ஷோரூமிலேயே விட்டு எடுத்தீர்கள். அடுத்த சர்வீஸுக்கு நீங்கள் இல்லை. உங்கள் நெஞ்சுவலிக்கு அதுவரை பொறுக்கத் தெரியவில்லை. எந்த ஆயில் என்று என்னிடம் ஒருவர் கேட்பார் என்று நான் கண்டேனா?

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, அந்தோணி போனில் சொல்லக் கேட்டு உங்கள் தம்பி செல்வராசு வந்து சேர்ந்தார். கையில் ஒரு கேன். பழைய வண்டிக்கென்று வாங்கி நீங்கள் பரண்மேல் போட்டு வைத்திருந்தீர்களே, அதுதான். பாவம், தூசியெல்லாம் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணன் வாங்கி வச்சதுங்க அண்ணி. ட்வென்டி ஃபிஃப்டி. லோடு வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்னு அண்ணன் எப்பவும் சொல்லுமே. இதையே ஊத்தீரலாம்."

கேனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயில் கேனைப் பார்த்து அழுத பொம்பளை இந்தத் திருப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்கள் கை பட்டது, நீங்கள் பார்த்து வாங்கியது. ஊற்றிவிட்டால் தம்பிக்கும் திருப்தி, எனக்கும் மனசு ஆறும்.

முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியோடு கம்பெனி கொடுத்த விளக்கப் புத்தகத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஏனுங்க, ஒரு தடவையாவது திறந்து பார்க்கக் கூடாதா? ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஃபிஃப்டீன் ஃபார்ட்டி என்று நம்பர் போட்டிருந்தது. நம்பர் மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, டர்போ டீசலுக்கு ஆகிற சி.ஐ.ஃபோர் தரம் என்று கேனில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார் பாய். உங்கள் கேனைத் திருப்பிப் பார்த்தோம். நம்பரும் வேறு, தரமும் பழசு.

"ஊத்துனா உடனே ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் பாய். "ஓடும். ஆறு மாசமோ, வருசமோ. அப்புறம் சத்தமில்லாம டர்போ போயிரும்."

அதுதான் என்னைப் படுத்தியது. உடனே கெடும் என்றால் தீர்மானிப்பது சுலபம். மெல்லக் கெடும் என்றால் யார் பழியை யார் சுமப்பது?

"தம்பி, ஓவர்லாக் தையல் மெஷினுக்கு விடற எண்ணெய்ய காத்தடிக்கற கம்ப்ரசர்ல ஊத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேறங்க அண்ணி."

"இதுவும் வேற வண்டிதானுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணன் இருந்தா வேற ஆயில ஊத்த விடுமா?"

"அண்ணன் இல்லீங்களே, தம்பி."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இத்தனை நாளில் யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. விஷயம் தெரியாமல் போனில் உங்களைக் கேட்பவர்களிடம் "வெளிய போயிருக்காருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வராசு கேனைக் கீழே வைத்துவிட்டு, கிடந்த டயர்மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அந்தோணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குத்தான் அழுகை வரவில்லை. எல்லாம் கேனைப் பார்த்தபோதே தீர்ந்துபோயிருந்தது.

புத்தகத்தில் சொன்ன ஆயிலையே வாங்கி வரச் சொன்னேன். உங்கள் கேன் வீணாகவில்லை, கவலைப்படாதீர்கள். செல்வராசின் பழைய வேனுக்கு அது பொருத்தமான ஆயில் என்று பாயே சொன்னார். அதற்கு ஊற்றிக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணியதும் நம் வண்டியில் சிவப்பு லைட் அணைந்தது. விசிலும் பழையபடி மெல்லிசாகக் கேட்டது. அந்தோணி துணியை இறக்கப் போனான். போகும்போது, "இனிமே கேக்காம சொட்டு எண்ணெய் ஊத்த மாட்டேன்க்கா" என்றான். நான் தலையாட்டினேன்.

செல்வராசு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பேசுவார், விடுங்கள்.

பாப்பாவைப் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும் என்றீர்கள். மேல்மாடி எழுப்பக் கூடாது என்றீர்கள். சாயப்பட்டறை லோடை விடவே கூடாது என்றீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். முடிந்ததைக் கேட்பேன். பாப்பாவை மட்டும் காலேஜுக்கு அனுப்பத்தான் போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சத்தியம் தருகிறேன். உங்கள் பேச்சைத் தட்டும்போதெல்லாம் இப்படி உட்கார்ந்து, ஒளிக்காமல் உங்களிடம் சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் இப்படி ஒன்றைச் சொன்னால் நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துவீர்கள். இப்போது ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் ஊட்டுக்காரி
மரகதம்