ரயிலுக்கு வாங்கிய கையெழுத்து

இன்று செம்பட்டி போகும் வழியில் புதுத் தார் வாசனை மூக்கில் ஏறியது. உன் நினைவு வந்தது, கூடவே கோபமும். செத்தவனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை, மாப்ளே.

நம் ஊர் ஸ்டேஷனில் மூடிக் கிடக்கும் கூட்ஸ் ஷெட்டைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். தேங்காயும் மக்காச்சோளமும் ஒரு நாள் பொறுக்கும், வேகனில் போகட்டும் என்றேன். மல்லிகைத் தோட்டக்காரனான நீ சிரித்தாய்.

"மல்லியப்பூ பொறுக்குமா மாப்ளே? ரயிலுன்னா ரெண்டு தடவ ஏத்தணும், ரெண்டு தடவ இறக்கணும். ரோட்ட அகலமாக்குனாப் போதும்."

அதில் நியாயம் இருந்தது. இன்றும் மறுக்க மாட்டேன். டீக்கடையில் செத்த நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில், "சரி, நீ கையெழுத்த வாங்கியா, நான் எழுதித் தாரேன்" என்றாய். ஊர் மனுவெல்லாம் நீ எழுதித்தானே போகும்.

நம் ஊர் வழக்கப்படி வெறும் தாளில்தான் வாங்கினேன். முதலில் கையெழுத்து, பிறகு அதற்கு மேலே மனு. வீடு வீடாக ஏறி ரயிலுக்கு என்று சொன்னேன். என் முகத்துக்காகப் போட்டார்கள். தாள்களை உன்னிடம் கொடுத்தேன். நீ எழுதியதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ போன மறுமாதம் சாலையோரம் அளவுக்கல் நட்டார்கள். ஆட்சேபம் சொல்லத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். ஃபைலைத் திறந்து காட்டினார்கள். சாலையை அகலப்படுத்தக் கோரும் மனு, உன் முத்து முத்தான எழுத்தில். கீழே நான் வாங்கிய கையெழுத்துகள்.

ராக்காயி அக்கா தன் கோணல் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ரயிலுன்னுதானப்பா சொன்ன."

ரோட்டோரம் நின்ற அவளுடைய எட்டுத் தென்னையும் போயிற்று.

புதுச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, பூ வண்டிகள் பறக்கின்றன. ரோடு வேண்டுமென்று நீ தனியாக மனுக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மறுநாள் சேர்ந்து டீ குடித்திருப்பேன். என்னை நம்பியவர்களை என்னை வைத்தே ஏமாற்றிவிட்டாயே. உன் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். அன்று அழுததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஷெட்டுக்காக மறுபடி மனு எழுதினேன். இந்த முறை முழுவதும் எழுதி முடித்து, அக்கா வாசலில் நின்று வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்க அப்பு. கையெழுத்துக்கு மட்டும் வேற ஆளப் பாரு."

அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவரை அதில் என் கையெழுத்து மட்டும்தான்.