பழுப்புக்கு அடியில் இருந்த சிவப்பு

அக்கா,

இன்று காலை கட்டுகஸ்தோட்டை பார்மசியில் காயத்துக்குப் பூசும் பொவிடோன் அயடின் போத்தல் ஒன்று என் கையிலிருந்து நழுவி உடைந்தது. கடை முழுக்க அந்த வாடை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் இடது கால்தான் கண்ணில் நின்றது.

மஹய்யாவையில் நம் வரிசை வீடுகளில் யாருக்குக் காயம் பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். பார்மசியில் வேலை செய்பவள், எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. எனக்கும் அந்தத் தலைக்கனம் இருந்தது. மாநகரசபை வேலையாக வடிகான் துப்புரவு செய்யும்போது உடைந்த போத்தல் ஓடு இடது பாதத்தில் கிழித்த காயத்தோடு நீங்கள் வந்தீர்கள். மருந்து பூசிக்கொண்டே பாடம் எடுத்தேன். இந்த மருந்திலிருந்து அயடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், கிருமிக்குள் புகுந்து அதன் புரதத்தைச் சிதைக்கும்; பாக்டீரியா, பூஞ்சணம், வைரஸ் எல்லாவற்றுக்கும் கேட்கும்; பூசியதும் துடைக்காமல் காயவிட வேண்டும்; பழுப்பு நிறம் வெளுத்தால் வேகம் போய்விட்டது என்று அர்த்தம். இதில் ஒன்றும் பொய்யில்லை.

அதனால் நிறம் வெளுக்க விடாமல் காலையும் மாலையும் பூசினேன். வீட்டில் வைத்துக்கொள்வது சிராய்ப்புக்கும் சின்னக் கீறலுக்கும்தான். சீனி வியாதிக்காரரின் ஆழமான காயத்தை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உங்களுக்கிருந்த சீனி வியாதியால் கால் மரத்துப்போயிருந்தது. வலிக்கவில்லை என்றீர்கள், நானும் நம்பினேன். எட்டாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாதி பழுப்பைக் கழுவித் துடைத்தார். அடியில் சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

இத்தனை நாள் யார் கட்டியது என்று அவர் அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "நானேதான் கட்டிக்கிட்டேன் மிஸ்ஸி. யாருகிட்டயும் காட்டல."

இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ பயந்துட்டா நம்ம லைன்ல யாரு காயம் கட்டுறது? இனிமே பாத்துக் கட்டு."

இப்போது யார் வந்தாலும் முதலில் கழுவிப் பார்க்கிறேன். சிவந்திருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வரைகிறேன். மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிடுகிறேன். சீனி வியாதி என்றால் அன்றைக்கே.

ஆனால் கட்டுகஸ்தோட்டையில் வாழ்க்கைப்பட்ட உங்கள் மகள், காயத்தை ஒளித்து வைத்ததற்காகக் நீங்கள் கண்மூடும் வரை உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நீங்கள் சிரித்தபடி கேட்டுக்கொள்வீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

இன்று வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய், கட்டியது நான்தான் என்று சொன்னேன். அவள், "அம்மாவ எத்தன தடவ திட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.