சுவருக்குப் பின்னால் சில கட்டங்கள்

தொம்மலூர், பெங்களூர்
புரட்டாசி, 1998

அன்புள்ள தம்பி,

புது வீட்டில் பால் காய்ச்சியபோது எடுத்த படங்கள் வந்தன. தொட்டிலைக் கடல் பக்க அறையில் கட்டியிருக்கிறாய். அலைத் தடுப்புச் சுவர் இருக்கும்போது என்ன பயம் என்று எழுதியிருக்கிறாய்.

அந்தச் சுவரில் புயல் அலை மோதி உடைவதைக் கணினியில் கணக்கிட்டது எங்கள் அலுவலகம்தான். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் என்று பார்ப்போம். கட்டங்கள் சுவரோடு முடிந்துவிடும். தாண்டி விழும் நீரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம்.

"சுவர் நிக்குதில்லம்மா? நம்மள கேட்டது அவ்ளோதான்," என்றார் மேலாளர். நிற்கிறது. அறிக்கையும் போய்விட்டது.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போனபோது, சுவருக்குப் பின்னால் சில கட்டங்களைச் சேர்த்து உன் வீட்டை வரைந்தேன். ஜன்னல் உயரத்தைப் படத்தைப் பார்த்து வைத்தேன். கணக்கை ஒருமுறை ஓட்டினேன். மறுபடி ஓட்டவில்லை.

இங்கே இரண்டு அறை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லோரும் வந்துவிடுங்கள். உன் மனைவி தயங்கினால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அதுவரை தொட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்று.

ஊரில் யாராவது கேட்டால், சுவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் எழுதியதாகச் சொல். அது பொய் இல்லை.

உன்
அக்கா