நகராத நாற்காலிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் முற்றத்தில் உட்கார நாற்காலி இல்லை. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாமே எதிர்வீட்டு மாகுவிடம் இருக்கின்றன. அவள் மாமனார் தவறிவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி உடல் பிணவறையில் இருக்கிறது, அடக்கம் அடுத்த மாதம்தான், அதுவரை தினமும் துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள். நாற்காலிகள் போனால் என் வீட்டுக்காரர் நார்டேயும் பின்னாலேயே போய்விடுவார். தூக்கிக் கொடுக்க, வரிசையாகப் போட, அப்புறம் அதிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேச.

பிரசவ நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, சாயங்காலம் நார்டேயோடு கடற்காற்றில் உட்கார வேண்டும் என்பதுதான். உட்கார்ந்திருப்பது சமையலறை முக்காலியில், தனியாக. நாற்காலிகளின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் ‘மாம்லே’ என்று எழுதிவைத்ததும் வீண். பிரம்ப்ராம் ஊர் முழுக்க என் பெயர் உட்கார்ந்திருக்கிறது, நான்தான் நிற்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராதா என்று இவரிடம் கேட்டேன்.

“இல்லேன்னு சொன்னா நாளைக்கு நம்ம வீட்டுத் துக்கத்துக்கு யாரு வருவா, மாம்லே?”

“அன்னைக்கு நான் படுத்திருப்பேன். எனக்கு நாற்காலி வேண்டாம்.”

சிரித்துக்கொண்டே எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். முடிவு செய்துவிட்டேன். யாரும் தூக்கிப் போக முடியாத நாற்காலி வாங்கப் போகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பக்கத்து நகரம் தேமாவில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அலுமினியம் துருப் பிடிக்காது, ஒரு விரலால் தூக்கலாம் என்று கடைக்காரப் பெண் தூக்கியே காட்டினாள். அவள் ஒரு விரலால் தூக்கினால் மாகு வீட்டார் மூச்சால் தூக்குவார்கள். வேண்டாம்.

திரும்பும் வழியில் சாலையோர வெல்டர் அஃபோட்டே. தடித்த இரும்பு, நல்ல கனம். ஆனால் உப்புக்காற்று படும் ஊர் இது. நாற்காலிக் காலில் பழுப்பாக இருந்தது. அது டிசைன் என்றான். விரலால் தேய்த்தேன், டிசைன் கையோடு வந்துவிட்டது.

எங்கள் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சட்டம் நினைவுக்கு வந்தது. துத்தநாகம் பூசிய குழாய். பற்றவைத்த இடங்களில் பூச்சு வெந்துபோய் அங்கே மட்டும்தான் துரு. அதே குழாயில், இருப்பதிலேயே தடிப்பானதில் செய், பற்றவைத்த இடத்திலெல்லாம் மறுபடி பூசு என்றேன். மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தூக்க முடிந்ததையெல்லாம் தள்ளினேன்.

“எல்லாரும் உக்காந்து பாப்பாங்கம்மா. நீங்க என்ன தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?”

உனக்குப் புரியாது என்றேன். இரண்டே நாற்காலி. அவருக்கொன்று, எனக்கொன்று.

பிப்ரவரி 25, புதன்

நாற்காலிகள் வந்தன. இரண்டல்ல, எட்டு. கூடவே இரண்டு பெஞ்சு!! எனக்குத் தெரியாமல் இவர் போன் செய்து ஆர்டரை மாற்றியிருக்கிறார். இரண்டு மட்டும் போட்டால், வருகிறவர்களை எழுந்து போகச் சொல்வதுபோல இருக்குமாம். அதுதானே என் திட்டமே, இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

இறக்கிவைத்த ஆட்கள் தரையில் படுத்து மூச்சு வாங்கினார்கள். அதைப் பார்த்தபின் கோபம் கொஞ்சம் தணிந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மாகு வந்தாள். இருக்கிற நாற்காலி போதவில்லையாம். எடுத்துக்கோ என்றேன், தேனொழுக. தம்பிகளைக் கூட்டி வந்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“அக்கா, இதுக்கு வேர் விட்டிருக்கா?”

சாயங்காலம் நார்டே எங்கும் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து சூரை மீன் கப்பலில் வேலை பார்த்த கதையைச் சொன்னார். எனக்கு மனப்பாடமான கதை. சோளமாவுக் கெங்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டே முதல்முறை கேட்பதுபோலக் கேட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

நாற்காலி வராவிட்டால் என்ன, நாங்கள் வருகிறோம் என்று மாகு சொல்லிவிட்டாள். அடக்கக் கமிட்டி முழுதும் என் முற்றத்தில். அடக்கத்தன்று யார் எந்தத் துணி உடுத்துவது என்று சண்டை. இவர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். எனக்கு முக்காலி.

மார்ச் 14, சனி

அடக்கம் முடிந்தது. ஆட்கள் வருவது முடியவில்லை. வலைக்காரர் சங்கம், தேவாலயப் பாடகர் குழு, விடியற்காலையில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டல். ஊருக்கே தெரிந்துவிட்டது, மாம்லே வீட்டு நாற்காலி உடையாது, எத்தனை பருமனானவரும் உட்காரலாம் என்று.

அஃபோட்டேயிடம் திருப்பி எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். உங்கள் பேத்தி கல்யாணத்துக்கும் இதுதான் என்றான், பெருமையாக.

மார்ச் 15, ஞாயிறு

பற்றவைத்த இடங்களையெல்லாம் தேய்த்துப் பார்த்தேன். துரு இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

சாயங்காலம் பாடகர் குழு. பெஞ்சு வரை நிறைந்துவிட்டது. என் முக்காலியிலும் ஒருவர். தட்டோடு சுவரோரம் நின்றே சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகாய்ச் சட்னி என்று சொல்லிக்கொண்டேன். மிளகாயா? இல்லை, அழுகைதான்.

நார்டே பார்த்துவிட்டார். தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். “வா” என்றார், அவ்வளவுதான்.

தெருவைத் தாண்டி மாகு வீட்டுக்குப் போனோம். ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் எங்கள் வீட்டில்தானே. பாதாம் மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தோம். கடற்காற்று அங்கே இன்னும் நன்றாக வருகிறது. சூரை மீன் கப்பல் பாதி தூரம் போயிருக்கும், எங்கள் முற்றத்திலிருந்து யாரோ “நார்டே, தண்ணி!” என்று கூப்பிட்டார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இருட்டும்போது மாகு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் மட்டும் இந்த இரண்டு நாற்காலி எங்களுக்கு வேண்டும் என்று கேட்டேன். அவள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் சிவப்பாக ‘மாம்லே’.

“எடுத்துக்கோங்கக்கா,” என்றாள். “ஆனா பத்திரமா திருப்பிக் குடுத்துடணும்.”

கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.