பின்னால் போகாத வண்டி

மே 9, வெள்ளி

நாளை கடற்கரைக்குக் கிளம்புகிறோம், வண்டியில். "போற வழிதானே, அக்காவ ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?" என்றாள் மனைவி. முடியாது என்றேன். அக்கா இருக்கும் வீட்டில் சகலையும் இருக்கிறாரே! நாலு வருடம் முன்பு, சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், என் கட்டுரைகளைப் படித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றவர். மனிதர்களின் வறட்டுக் கௌரவத்தைக் கேலி செய்து எழுதிப் பிழைப்பவன் நான். அந்த நிமிடமே எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் போனில் மட்டும்தான்.

அவள் மறுபடி கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மே 10, சனி, காலை

வண்டி மக்கர். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ரிவர்ஸ் விழவில்லை. எதிர்க்கடை மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "முன்னாடி தாராளமா போகும் சார். பின்னாடிதான் போகாது. பார்ட்ஸ் வர செவ்வாய்க்கிழமை ஆயிடும். சந்து பொந்துல நுழைஞ்சிடாதீங்க."

"இவருக்கும் அதே கம்ப்ளெயிண்ட்தான் அண்ணே" என்றாள் மனைவி.

மாலை

பாலம் மூடியிருந்தது. காவலர் திரும்பிப் போகச் சொன்னார். அந்தக் குறுகிய சாலையில் ரிவர்ஸ் இல்லாமல் எப்படித் திரும்புவது? இடப்பக்கம் ஒரு கிளைச்சாலை. "நேரா போங்க… இப்ப வலது" என்று மனைவி வழி சொன்னாள். இந்த ஊர் வழி இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. நிறையப் படித்தவன் நான்.

கடைசித் திருப்பம் முட்டுச்சந்து. முடிவில் பச்சை கேட். சகலை வீடு!

"வேணும்னே கூட்டிட்டு வந்தியா?"

"பாலத்த நானா மூடினேன்?"

இறங்கி ஓடினாள். வாசலில் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பியிருப்பேன் — ஆனால் வண்டியைப் பின்னால் தள்ள ஆள் வேண்டும். அங்கிருந்த ஒரே ஆள் சகலை. தள்ளச் சொல்ல அவரோடு பேச வேண்டும். பேசிவிட்டால் அப்புறம் எதற்குக் கிளம்புவது?

சகலை வந்து கண்ணாடியைத் தட்டினார். "என்ன சகலை, ரிப்பேர் வண்டியா, ஆளா?"

"வண்டிதான்."

"அப்ப ஆள் இறங்கலாமே."

இறங்கினேன்.

மே 11, ஞாயிறு

சமையலறையில் அக்காவும் தங்கையும் சிரிக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்டேன், என்னைப் பற்றித்தான். இவள் இப்படி மூச்சு முட்டச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று? என் எழுத்துக்குச் சிரித்ததெல்லாம் மரியாதைக்குத்தான் போலிருக்கிறது.

இந்தச் சிரிப்பையா போய் நாலு வருஷம் பூட்டி வச்சிருந்தேன்?

மே 12, திங்கள்

சகலையோடு சீட்டாட்டம். ஏமாற்றுகிறார். நானும்.

மே 13, செவ்வாய்

போனில் வழி கேட்டுக்கொண்டு மெக்கானிக் வந்து பார்ட்ஸ் மாட்டினார். ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுகிறது. மனைவி ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் அக்கா. கடலுக்காம்.

"அப்ப நாங்க?"

"இடமில்லைங்க."

பின் இருக்கையில் ஒரு கூடை, இரண்டு துண்டு. சந்து முனைவரை கோணாமல் பின்னாலேயே எடுத்துப் போனாள்.

"ஒரு வார்த்தை நம்மள கேட்டாங்களா பாருங்க" என்றார் சகலை. இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒன்றை நான் முழுமனதாக ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பிறகு அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேட இருவரும் உள்ளே போனோம்.