கார் ஷெட்டுக்கு வரும் மெஷின்

ஃபிலோமி,

சாந்தோம் கோயில் வரை போகிறேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே. மரம் இழைக்கிற மெஷின் இன்றைக்கு வரும். கார் ஷெட்டில் இறக்கச் சொல். பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

"டொரோண்டோவிலேர்ந்து புள்ள கிறிஸ்துமஸுக்கு அனுப்பியிருக்கான், இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று காலையில் கேட்டாய்.

ஜெரோம் மேல் தப்பில்லை. ஞாயிறுதோறும் போனில் இந்த மெஷினைப் பற்றியேதான் அவனிடம் பேசினேன். "லீவு கிடைக்கலப்பா, அதான் நீங்க ஆசைப்பட்டதையே அனுப்பிட்டேன்" என்கிறான்.

நீளப் பலகையை இந்தப் பக்கம் ஒருத்தர் உள்ளே தள்ளினால், அந்தப் பக்கம் இன்னொருத்தர் ஏந்திப் பிடிக்க வேண்டும், ஃபிலோமி. ஷெட்டுச் சுவரில் படம் வெட்டி ஒட்டிய அத்தனை மெஷின்களில் இதற்கு மட்டும் நான் ஆசைப்பட்டது அதனால்தான். அந்தப் பக்கம் பிடிக்க ஜெரோம் வருவான் என்று நினைத்தேன். இனி எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவேன்?

லாசர்

கேக்கில் எறும்பு ஏறுகிறது. தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில் வை.

சாயங்காலம் அவன் போன் பண்ணினால், அப்பா ஷெட்டில் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார், சத்தத்தில் காது கேட்காது என்று சொல்லிவிடு.